பள்ளிக்கூடத்தில் ஊசியும் நூலும்: குலக்கல்வியா, கலைக்கல்வியா?

(இரவுப் பாடசாலைகளில் பாடம் எடுக்கும் இளைஞர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துணிக்கலையை, குறிப்பாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் கலையை, பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். துணிக்கும் சாதிக்குமான உறவுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் சில மாதங்கள் மாலை வகுப்பு எடுத்தேன். ஒருநாள் ஒரு பை நிறையத் துண்டுத் துணிகளையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் ஒரு பையனின் அம்மா வாசலில் நின்றார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சுத்தூசி அப்படியே இருந்தது. அவர் கேட்டார்: "ஏம்மா, எங்க மாமியா ஊருத் துணிய வெளுத்தாங்க. நான் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுறேன். எம்மவனும் துணியத்தான் தொடணுமா? அதுக்கா இங்க அனுப்புறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் என்ன சொன்னது? மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பேர் வைத்துப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. நம் தாத்தா பாட்டிகள் மறக்காத வரலாறு இது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது பழைய அச்சம் திரும்பி வந்தது. அதன் 18 தொழில்களின் பட்டியலில் தையல்காரர் உண்டு, துணி வெளுப்பவர் உண்டு, முடி திருத்துபவர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு. 18 வயது ஆனால் போதும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பரம்பரைத் தொழிலுக்குக் கடன் கொடுக்கிறது அரசு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்க் கைத்தொழில் செய்பவர்களிடம் போய்ப் பழக வேண்டும் என்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் சேரிப் பிள்ளைகளிடம் ஊசியை நீட்டினால் எந்தத் தாயும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

துணி இந்த நாட்டில் வெறும் துணியாக இருந்ததில்லை. சண்டாளர்கள் செத்தவர்களின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. திருவிதாங்கூரில் மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள், 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. நம் காலத்துக்கு வருவோம். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு, 2023இல் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024இல் அது கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்கள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பது. யோசித்துப் பாருங்கள், நூல் ஏற்கெனவே நம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. சாதி அதைக் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கட்டிவிட்டது. நாம் எந்த நூலைக் கொண்டுபோகப் போகிறோம்?

இங்கே நான் உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. ஒட்டுத்துணிப் போர்வையை அவர்கள் குவில்ட் என்கிறார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்தான் அதன் உயிர். நம் பாட்டிமார்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பும், மராட்டியத்துக் கோதடியும், வங்கத்துக் காந்தாவும் இதற்கு உறவுதான். அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின வரலாற்றைப் பேச இந்தப் போர்வைகளை எடுக்கிறார்கள். ஏன் என்பதற்கு மூன்று கதைகள் சொல்கிறேன். மூன்றையும் நீங்கள் அப்படியே வகுப்பில் சொல்லலாம்.

முதல் கதை ஹாரியட் பவர்ஸ். 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டிப் போர்வை தைத்தார். 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஒரு வெள்ளையின ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். ஹாரியட் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்கியது. பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது என்ன கதை என்று விளக்கிச் சொன்னார், வாங்கியவர் எழுதிக்கொண்டார். பிறகும் தன் போர்வையைப் பார்க்க ஹாரியட் திரும்பத் திரும்ப அங்கே போனார். அவர் தைத்ததில் இரண்டு போர்வைகள் இன்று இருக்கின்றன. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று பாஸ்டனில். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: விற்ற பிறகும் ஏன் பார்க்கப் போனார்? பிள்ளைகள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது கதை ஓர் ஊர். அலபாமா ஆறு வளைந்து போகும் இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பினக் கிராமம். 1845இல் அந்தத் தோட்டத்தை மார்க் பெட்வே என்ற நிலவுடைமையாளர் அடிமைகளோடு சேர்த்து வாங்கினார். அடிமை முறை ஒழிந்த பிறகும் ஊரில் பலருக்குப் பெட்வே என்பதுதான் குடும்பப் பெயர். உழைத்துக் கிழிந்த சட்டை, முழங்கால் தேய்ந்த பேண்ட், தீவனச் சாக்கு, இவற்றை வெட்டித்தான் அந்த ஊர்ப் பெண்கள் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்பவர் 1942இல் இறந்துபோன கணவனின் வேலைத் துணிகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வதற்காக.

1960களில் அந்த ஊர் மக்கள் வாக்குரிமைக்குக் கிளம்பினார்கள். 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அக்கரையில்தான் வாக்காளர் பதிவு அலுவலகம். ஊருக்குப் பேருந்து வராமல் செய்வது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் படகு திரும்ப ஓடியது 2006இல். ஆனால் 1966இலேயே அந்தப் பகுதிப் பெண்கள் 'விடுதலைப் போர்வைக் கூட்டுறவு' ஒன்றைத் தொடங்கிச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது. கதை இங்கே முடிந்தால் இனிப்பாக இருக்கும். 2007இல் அந்தப் பெண்களில் மூன்று பேர், எங்கள் கலைக்கு உரிய பங்கு வரவில்லை என்று சேகரிப்பாளர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன. கலை என்று உலகம் ஒத்துக்கொண்ட பிறகும் கூலிக் கணக்கு தீரவில்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கதை சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஃபெய்த் ரிங்கோல்ட், 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து 2024இல் மறைந்த ஓவியர். அவர் அம்மா ஆடை வடிவமைப்பாளர். அம்மாவும் மகளும் சேர்ந்து 1980இல் முதல் குவில்ட்டைச் செய்தார்கள். தன் சுயசரிதைக்குப் பதிப்பாளர் கிடைக்காதபோது, ரிங்கோல்ட் கதையைத் துணியிலேயே எழுதத் தொடங்கினார். 1988இல் செய்த 'டார் பீச்' என்ற குவில்ட் இப்போது குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1991இல் அதுவே சிறுவர் புத்தகமானது. கதை 1939இல் நடக்கிறது. எட்டு வயது கேசி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு நகரத்துக்கு மேலே பறக்கிறாள். தான் எதன் மேல் பறந்தாலும் அது தனக்குச் சொந்தம் என்கிறாள். அவள் அப்பா கட்டடத் தொழிலாளி. பெரிய பாலத்தையே கட்டியவர். ஆனால் தொழிற்சங்கத்தில் சேர முடியாது, ஏனென்றால் அவருடைய அப்பா அதில் உறுப்பினராக இருந்ததில்லை. கேசி அந்தச் சங்கக் கட்டடத்தின் மேலே பறந்து, அதை அப்பாவுக்குக் கொடுக்கப்போகிறாள்.

அப்பன் உள்ளே இல்லாததால் மகனும் உள்ளே வர முடியாது. இந்த ஒரு வரியை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, இது அமெரிக்காவா?" பிறப்பை வைத்துக் கதவைச் சாத்துவது என்றால் என்ன என்று இதைவிடச் சுலபமாக நான் பாடம் நடத்தியதில்லை.

ஓர் எச்சரிக்கை. அடிமைகள் தப்பியோட உதவும் இரகசியக் குறிகள் குவில்ட்டுகளில் தைக்கப்பட்டன என்று ஒரு கதை உலகம் முழுக்கப் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. 1999இல் வந்த ஒரு புத்தகத்தால் பரவியது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதற்குச் சான்று இல்லை என்று மறுத்திருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லிவிடாதீர்கள். புராணத்தைக் கேள்வி கேட்கச் சொல்லித்தரும் நாம், நமக்குப் பிடித்த புராணத்தையும் கேள்வி கேட்க வேண்டும்.

அமெரிக்கா தூரம் என்றால், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக்கு வாருங்கள். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 2003இல்தான் பட்டியல் பழங்குடி ஆனார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். குலக்கல்வியும் ஊசியைத்தான் கொடுக்கும், நாமும் ஊசியைத்தான் கொடுக்கிறோம். வித்தியாசம் எங்கே? குலக்கல்வி, "நீ யாருக்குப் பிறந்தாய்" என்று கேட்டுவிட்டு ஊசியைக் கொடுக்கும். நாம் கேட்காமல் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். குலக்கல்வி, அடுத்தவனுக்குத் தைக்கச் சொல்லும். நாம், உன் கதையைத் தை என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் தயவுசெய்து இந்த வகுப்பை எடுக்காதீர்கள்.

நடைமுறைக்குச் சில விஷயங்கள்.

ஒன்று, ஆண் பிள்ளைகளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். தையல் என்றால் பெண்களுக்கு, அதிலும் ஏழைப் பெண்களுக்கு, கணவனை இழந்தவர்களுக்கு என்று ஒரு புத்தி நமக்குள் இருக்கிறது. அதை முதல் நாளே உடைக்க வேண்டும்.

இரண்டு, எதையும் விற்காதீர்கள். தொண்டு நிறுவனத்துக்குப் பை தைத்துக் கொடுப்பது, கண்காட்சியில் கைக்குட்டை விற்பது எல்லாம் வேண்டாம். விலை வந்த நிமிடம் வகுப்பு பட்டறையாகிவிடும்.

மூன்று, துணி. திருப்பூரில் பனியன் வேஸ்ட் சும்மாவே கிடைக்கும், ஆனால் அது இழுபடும், சின்னக் கைக்கு அடங்காது. தையல் கடையில் ரவிக்கைத் துணியின் மிச்சம் கேளுங்கள், பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். முதல் வகுப்பில் வண்ணக் காகிதச் சதுரங்களை அடுக்கிப் பழகட்டும். பெரிய காது உள்ள, முனை மழுங்கிய ஊசி போதும். ஊசிகளை எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.

நான்கு, வீட்டிலிருந்து பழைய துணி கொண்டுவா என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கிழிசல் சில பிள்ளைகளுக்கு அவமானம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் இதைச் செய்தால், "இது யார் வீட்டுத் துணி?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். வரட்டும். அந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள். தீட்டு என்பது எங்கே இருக்கிறது, துணியிலா, பார்க்கிறவன் கண்ணிலா என்று கேளுங்கள். எல்லார் துண்டும் கலந்து ஒரே போர்வையாகி, அதை எல்லாரும் ஒருமுறை போர்த்திப் பார்க்கும்வரை அந்தப் பாடம் முடியாது.

ஐந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தைத்த பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். கோடிக்கணக்கான கைகள் தைத்த துணியைத்தான் உலகம் உடுத்தியிருக்கிறது. ஒரு கையின் பெயரும் நமக்குத் தெரியாது.

ஆறு, அரசுப் பள்ளிகளில் தையல், ஓவியம் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் பணிநிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று வருகிறார்கள். கலைக்கல்வி பேசும் நாம் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது.

கடைசியாக, அந்தப் பையனிடம் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவன் அம்மாவிடம், "இதில் கணக்கும் இருக்கிறது, நீங்களே ஒருநாள் வந்து பாருங்கள்" என்று அவகாசம் கேட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான்கு அங்குலச் சதுரங்கள் ஒன்பதை, வரிசைக்கு மூன்றாகப் பிள்ளைகள் தைத்து முடித்திருந்தார்கள். அளந்தால் பக்கத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் வர வேண்டும். பதினொன்றுதான் வந்தது. திரும்ப அளந்தார்கள், பதினொன்றுதான். "ஓர் அங்குலம் எங்கே போச்சு?" என்று கேட்டேன். துணி சுருங்கிவிட்டது என்றாள் ஒருத்தி. அளவுகோல் தப்பு என்றான் ஒருவன்.

வாசலில் நின்ற அம்மா சொன்னார்: "தையலுக்குள்ள போயிருக்கும். ஒரு பக்கம் கால் இஞ்ச், இந்தப் பக்கம் கால் இஞ்ச். ரெண்டு தையல்ல ஒரு இஞ்ச் போயிரும்ல."

பிள்ளைகள் போர்வையைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் அந்த ஓர் அங்குலம் மடிந்து கிடந்தது. பையன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். கரும்பலகையில் அவர் சொன்ன கணக்கை எழுதினேன்: பன்னிரண்டில் நான்கு கால் கழித்தால் பதினொன்று. அதற்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எனக்கு எப்பவோ தெரியும். இதுக்கு யாரு மார்க் போட்டா?" என்றார். மகனை அனுப்புவதாகவோ அனுப்பமாட்டேன் என்றோ எதுவும் சொல்லவில்லை. அவன் வந்துகொண்டிருந்தான். ஆறு மாதம் கழித்து, தான் பொறியியல் படிக்கப்போவதாகச் சொன்னான். படிக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும். அவன் துணியைத் தொட்டது தையல்காரனாவதற்காக இல்லை, அம்மாவின் கைக்குள் இருக்கும் கணக்கைத் தெரிந்துகொள்வதற்காக.

நம் பிள்ளைகள் பரம்பரைத் தொழிலை விட்டு வெளியே வர வேண்டும். அதில் சமரசமே கிடையாது. ஆனால் வெளியே வரும்போது, அந்தத் தொழிலைச் செய்த கைகளை இழிவாக நினைத்துக்கொண்டு வரக் கூடாது. இழிவு வேலையில் இல்லை, அதைப் பிறப்போடு சேர்த்துத் தைத்த சாதியில் இருக்கிறது. அந்தத் தையலைப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் நம் பாடம்.

வெளியே மேசையில் துண்டுத் துணியும் ஊசியும் வைத்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் வாருங்கள். ஆண் தோழர்கள் முதலில்.